மனிஷாவின் மாமா

இரட்டைப் பின்னலில் இடப்பக்கம் மட்டும் சித்தையனுக்கு எப்போதும் கொஞ்சம் தடித்துவிடும். அவிழ்ப்பார். உள்ளங்கையில் தேங்காய் எண்ணெயைத் தேய்த்துக்கொண்டு மறுபடி மூன்றாகப் பிரிப்பார். ரிப்பன் இரண்டும் பல்லிடுக்கில் தொங்கும். முன்னால் பலகையில் உட்கார்ந்திருக்கும் ஏழு வயது மனிஷா, தலையை அசைக்காமல் கைக்கண்ணாடியைத் தோளுக்கு மேல் தூக்கிப் பிடித்து மேற்பார்வை செய்வாள்.

"மாமா, இந்தப் பக்கம் தூக்கீட்டு நிக்குது."

"நிக்கட்டும் கண்ணு. ஸ்கூலுக்குப் போறதுக்குள்ள அதுவா எறங்கீரும்."

"நேத்தும் இதத்தான் சொன்னீங்க. மிஸ்ஸு சிரிச்சாங்க."

"சிரிச்சா நல்லதுதான். திட்டலியல்ல?"

சித்தையனுக்கு ஐம்பத்திரண்டு வயது. அவர் தலையில் சீப்புக்கு வேலை இல்லாமல் போய்ப் பல வருஷமாகிறது. பின்னல் போட எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று நான் கேட்டதற்கு, இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். "சணல் சுத்துன கைதானுங்களே மேடம் இது. பைப்பு மரையில சணல் சுத்தறப்ப இறுக்கமும் வேணும், நாரும் அந்துறக் கூடாது. தலமுடியும் அதே கதைதானுங்க. ஒரே வித்தியாசம், பைப்பு கத்தாது."

மைசூர் அக்ரஹாரத்துத் தெருக்களுக்குக் குடிநீர் திறந்துவிடும் வால்வுக்காரர் அவர். கருக்கலில் எழுந்து, ஆளுயர இரும்புச் சாவியை ஸ்கூட்டரின் பக்கவாட்டில் கட்டிக்கொண்டு கிளம்புவார். தெருமுனையில் இரும்பு மூடியை நெம்பித் தூக்கி, சாவியைக் குழிக்குள் இறக்கித் திருகுவார். திருகியதும் போய்விட மாட்டார். சாவியின் மேல்நுனியில் காதை ஒட்டிவைத்துக் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். தண்ணீர் எதுவரை போயிற்று, எங்கே கசிகிறது என்பதெல்லாம் இரும்பு வழியாக வந்துவிடும். ஒவ்வொரு தெருவையும் பழகிய ஆளைப்போலப் பேசுவார். "கோயில் தெரு நல்லவனுங்க, தொறந்த ஒடனே ஓடுவான். மேட்டுத் தெருவுக்குத்தான் மூச்சு வாங்கும். அவனைப் பாத்துப் பக்குவமாத்தான் ஏத்தோணும்."

தெருவில் அவரை எல்லோருக்கும் தெரியும். "நீரு யாவாக, சித்தையா?" என்று மாடியிலிருந்து கேட்பவர்களுக்கு, தண்ணீர் எப்போது வரும் என்பதைக் கன்னடத்தில் கத்தியே சொல்லிப் பழகியதால், வீட்டுக்குள்ளும் அவர் குரல் தெருவுக்குக் கேட்கும். சொந்த ஊர் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஹனூர்ப் பக்கம். சோளமும் ராகியும் போட்ட குடும்பம். கல்யாணமான புதிதில் மைசூருக்கு வந்தவர் இங்கேயே தங்கிவிட்டார். மனைவி மாதேவிக்கு ஆயத்த ஆடை ஆலையில் வேலை. தைத்த சட்டைகளை மடித்து உறையில் போடும் பிரிவு. ஆலை வேன் காலையிலேயே வந்து அழைத்துப் போய்விடும். அதனால்தான் பின்னல் பொறுப்பு சித்தையனுக்கு வந்தது. ஒரே மகன் பரத், ஓசூரில் குடும்பத்தோடு இருக்கிறான்.

மனிஷா இவர்களுக்கு மகளும் இல்லை, பேத்தியும் இல்லை. பெற்றவர் உயிரோடு இருந்தும் நோயாலோ வேறு இக்கட்டாலோ பிள்ளையைப் பார்த்துக்கொள்ள முடியாமல் போவதுண்டு. அப்படிப்பட்ட பிள்ளையை விடுதியிலேயே விட்டுவைக்காமல், கொஞ்ச காலத்துக்கு இன்னொரு குடும்பத்தில் வளரக் கொடுக்கும் அரசு ஏற்பாடு ஒன்று இருக்கிறது. தத்து அல்ல. பெற்றவர் தேறியதும் பிள்ளை திரும்பிப் போய்விட வேண்டும். மாவட்டக் குழந்தைப் பாதுகாப்பு அலுவலகத்தில் இதற்கு ஃபாஸ்டர் என்று பெயர். சித்தையன் வாயில் அது 'பாஸ்டரு' ஆயிற்று. "நாங்க பாஸ்டரு ஆயிட்டமுங்க" என்று அவர் பெருமையாகச் சொல்லப்போக, அக்ரஹாரத்தில் பாதிப் பேர் அவர் மதம் மாறிவிட்டார் என்றே நினைத்தார்கள். மூலைவீட்டுக் கௌரம்மா, தண்ணீர் கொஞ்சம் தாமதமானாலும் வாசலில் இடுப்பில் கைவைத்து நிற்கிற எழுபது வயதுக்காரர், நேரடியாகவே கேட்டுவிட்டார்: "ஏனப்பா சித்தையா, பாஸ்டர் ஆகிட்டியாமே? ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குப் போயிட்டா எங்களுக்குத் தண்ணி யார் விடறது?"

நான் அவரைச் சந்தித்தது என் வேலை காரணமாக. மைசூரில் நான் பணிபுரியும் சிறிய ஆய்வு நிறுவனம், இப்படிப் பிள்ளைகளை ஏற்ற குடும்பங்களைப் பற்றித் தகவல் திரட்டிக்கொண்டிருந்தது. விடுதியில் வளர்வதைவிட வீட்டில் வளர்வது பிள்ளைக்கு எந்தெந்த விதத்தில் நல்லது, அந்தக் குடும்பங்களுக்கு என்ன உதவி தேவை, பிள்ளைகள் பெற்றவரிடம் திரும்பிப் போவதில் எது தடையாக நிற்கிறது என்பவை எங்கள் கேள்விகள். பதில்களைத் தொகுத்துக் கொள்கை வகுப்பவர்களிடம் கொடுப்போம். அப்படிக் கேள்விகளோடு போனவளிடம்தான், "புள்ள வந்ததுல உங்க வாழ்க்கையில என்ன மாற்றம்?" என்பதற்குச் சித்தையன் நிதானமாக யோசித்துப் பதில் சொன்னார்: "சீப்பு காணாமப் போவுதுங்க."

மனிஷா வந்த கதை இது. திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்தவள் அவள் அம்மா அஞ்சலை. புருஷன் இரண்டு வருஷத்துக்கு முன்பே எங்கோ போய்விட்டான். கல் தூக்கிக்கொண்டிருந்தவளுக்கு இருமல் வந்து, காசநோய் என்று தெரிந்தபோது, அது மருந்துக்கு எளிதில் அடங்காத வகையாக இருந்தது. நெடுநாள் மருத்துவமனையில் இருக்க வேண்டும். பிள்ளையைக் குழந்தைகள் நலக் குழு ஒரு விடுதியில் சேர்த்தது. அந்த விடுதி வாசலில்தான் சித்தையனின் வால்வு ஒன்று இருக்கிறது. காலையில் அவர் மூடியைத் திறக்கும்போது, ஒரு சின்னப் பெண் கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்று, "தண்ணி வந்துச்சா?" என்று தமிழில் கேட்பாள். "வந்துருச்சு கண்ணு" என்றதும் உள்ளே ஓடிவிடுவாள். இதை அவர் மாதேவியிடம் சொல்ல, மாதேவி இரண்டு நாள் கழித்து, "அந்த விடுதியில போயி விசாரிங்க, என்ன ரூல்ஸுன்னு" என்றிருக்கிறார். விசாரிப்பு, வீட்டுச் சோதனை, காவல் நிலையச் சான்று, ஒருநாள் பயிற்சி எல்லாம் முடிந்து பிள்ளை வீட்டுக்கு வந்தாள்.

வந்த முதல் வாரம் அவள் செய்த காரியம் சித்தையனை நிலைகுலைய வைத்தது. குழாயில் தண்ணீர் வந்ததும் வீட்டிலிருக்கும் எல்லாப் பாத்திரத்தையும் நிரப்பத் தொடங்கினாள். குடம், வாளி, குக்கர், டம்ளர், டீ வடிகட்டுகிற கிண்ணம் வரைக்கும். கட்டடம் எழும்பும் இடத்தில் லாரி வரும் நாளில்தான் தண்ணீர் என்று வளர்ந்த பிள்ளை. மாதேவி தடுக்கவில்லை. சித்தையன்தான் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார்.

"எதுக்குக் கண்ணு இத்தனை?"

"நாளைக்கு வரலைனா?"

"வரும். நாந்தானே உடறேன்."

அவள் நம்பவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவளை ஸ்கூட்டரில் முன்னால் நிறுத்திக் கூட்டிக்கொண்டு போனார். கோயில் தெருக் குழியில் சாவியை இறக்கி, அவள் கையை அதன்மேல் வைத்து, அதன்மேல் தன் கையை வைத்துத் திருகினார். பிறகு இரும்பில் அவள் காதை ஒட்டவைத்தார். தண்ணீர் ஓடுவது கேட்டதும் அவள் கண்ணை அகல விரித்து, "உள்ள யாரோ ஓடறாங்க மாமா" என்றாளாம். அதிலிருந்து ஒரு குடத்தோடு நிறுத்திக்கொண்டாள்.

மாமா என்று கூப்பிட வைத்தது மாதேவி. சித்தையனுக்கு அப்பா என்று கூப்பிட்டால் என்ன என்று ஓர் ஆசை இருந்திருக்கிறது. மாதேவி முதல் நாளே சொல்லிவிட்டார்: "அவளுக்கு அம்மா இருக்கறா. நாம அத்தை, மாமா. அதுக்கு மேல வேண்டாம்." அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. பேசினால் அந்த வீட்டில் அதுதான் முடிவு.

பயிற்சியில் சொல்லிக்கொடுத்ததைச் சித்தையன் வேதமாக வைத்திருந்தார். அடிக்கக் கூடாது, மிரட்டக் கூடாது, பெற்றவளைப் பற்றித் தப்பாக ஒரு வார்த்தை வரக் கூடாது. ஒருநாள் மனிஷா சாப்பிட அடம்பிடிக்க, வாய் தவறி, "திங்கலீன்னா தண்ணி லாரிக்காரன்கிட்டப் புடிச்சுக் குடுத்துருவேன்" என்று சொல்லிவிட்டார். பிள்ளையின் முகம் வெளுத்துப்போயிற்று. உடனே வெளியே வந்து, மாவட்ட அலுவலகத்தின் சமூகப் பணியாளர் சந்தோஷ்குமாருக்கு ஃபோன் போட்டார். சந்தோஷ்குமார் இளைஞர், பெங்களூர்த் தமிழ்க் குடும்பம். இந்த உரையாடலை அவரே சிரித்துக்கொண்டு எனக்கு நடித்துக் காட்டினார்.

"சார், நானொரு தப்புப் பண்ணீட்டனுங்க."

"என்ன ஆச்சு?"

சித்தையன் விஷயத்தைச் சொல்லியிருக்கிறார்.

"இப்போ பாப்பா என்ன பண்றா?"

"தோசை திங்கறாளுங்க."

"நீங்க சாரி கேட்டீங்களா?"

"கேட்டனுங்க. பரவால்ல மாமான்னுட்டா."

"அப்புறம் எனக்கு எதுக்கு ஃபோன் பண்ணீங்க?"

"ரூல்ஸுன்னு ஒண்ணு இருக்குதல்லீங்க சார். எழுதிக்கோங்க."

ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் மருத்துவமனையிலிருந்து அஞ்சலை வீடியோ அழைப்பில் வருவாள். முகக்கவசத்துக்கு மேலே கண் மட்டும் தெரியும். மனிஷா ஃபோனைத் தலையைச் சுற்றிச் சுற்றிக் காட்டி, பின்னலைப் பார்க்கச் சொல்வாள். "யாருடி இப்படிக் கோணலாப் பின்னி உட்டது?" என்று அஞ்சலை கேட்பாள். "மாமாதான்" என்று பதில் வந்ததும் சிரிப்பாள். சிரிப்பு இருமலாக மாறினால் ஃபோனைத் தள்ளிப் பிடித்துக்கொள்வாள். மாதங்கள் போகப் போக இருமல் குறைந்து சிரிப்பு நீண்டது. சித்தையன் அந்த நேரத்தில் அறைக்குள் இருக்க மாட்டார். ஸ்கூட்டரைத் துடைக்கப் போய்விடுவார்.

ஒரு வருஷத்துக்கு மேல் ஓடியது. அஞ்சலை குணமானாள். இனி யாருக்கும் தொற்றாது, ஆனால் சிமெண்ட் தூசியில் வேலை பார்க்கக் கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். வேறு போக்கிடம் இல்லாமல், ரிங் ரோட்டுக்கு அப்பால் தகரக் கொட்டகையில் இருக்கும் அக்கா குடும்பத்தோடு ஒட்டிக்கொண்டாள். மகளைத் திருப்பித் தரும்படி மனுக் கொடுத்தாள். சந்தோஷ்குமார் போய்ப் பார்த்தார். கொட்டகையில் ஆறு பேர். குழாய் கிடையாது. கழிப்பறைக்குப் பின்புறக் காடுதான். அஞ்சலைக்கு வருமானமும் இல்லை. பாதுகாப்பான இடமும் வேலையும் அமையட்டும், அடுத்த அமர்வில் பார்க்கலாம் என்று குழு தள்ளிவைத்தது. யாரையும் குறை சொல்ல முடியாத முடிவு.

அன்று மாலை சித்தையன் கால் கிலோ ஜாங்கிரி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அப்போது நடந்ததை மாதேவி பிறகு என்னிடம் சொன்னார். சித்தையன் பக்கத்திலேயே உட்கார்ந்து, மறுக்காமல், தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன விசேசம்?" என்று மாதேவி கேட்டிருக்கிறார்.

"சும்மாதான். புள்ளக்கிப் புடிக்குமே."

"அந்தம்மாளுக்கு ஊடு கெடைக்கலைங்கறதுக்கா?"

"நானென்ன பண்ணட்டும்? தண்ணி இல்லாத எடத்துக்குப் புள்ளய அனுப்ப முடியுமா? ஆபீசே சொல்லுது."

"ஊருக்கெல்லாம் தண்ணி உடறீங்க. ஒரு பொம்பளைக்குத் தண்ணி இல்லைன்னு சந்தோசப்படறீங்களே."

சித்தையன் எழுந்து வெளியே போனார். ஜாங்கிரிப் பொட்டலத்தை அன்று யாரும் பிரிக்கவில்லை. மறுநாள் காலை மேட்டுத் தெருவுக்குத் தண்ணீர் பிந்தியது என்று கௌரம்மா இன்றும் சொல்கிறார். சித்தையன் வால்வைத் திறக்காமல் குழியோரத்திலேயே உட்கார்ந்திருந்தாராம். திரும்பி வந்தவரிடம் மாதேவி, "எங்க சூப்பர்வைசருகிட்ட அஞ்சலைக்கு வேலை சொல்லி வெச்சிருக்கறேன். என்ற பிரிவுலதான், தூசி கெடையாது. ஊடு பாக்கற வேலை உங்குளுது" என்றார். அவர் சொல்லிவைத்து அப்போதே பத்து நாளாயிருந்தது.

அதன்பின் சித்தையன் வீடு தேடியதைப் பார்க்க எனக்கும் வாய்த்தது. எந்த வீட்டில் எத்தனை குழாய், எந்தப் பின்கட்டில் ஆளில்லை என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். வேலை முடிந்ததும் அஞ்சலையைக் கூட்டிக்கொண்டு வாசல் வாசலாகப் போனார். ஒரு வீட்டில், ஆண்துணை இல்லாதவளுக்குத் தர மாட்டோம் என்றார்கள். இன்னொரு வீட்டில், கட்டடத்து ஆட்கள் வேண்டாம் என்றார்கள். மூன்றாவது வீட்டில் எல்லாம் கூடிவந்த நேரத்தில் சித்தையன், "இந்தம்மாவுக்குக் காசம் இருந்துச்சுங்க, இப்ப குணமாயிருச்சு" என்று சொல்லப்போக, கதவு சாத்திக்கொண்டது.

தெருவில் நின்று அஞ்சலை அழுதுவிட்டாள். "ஏன்ணா அதச் சொன்னீங்க? சொல்லாத இருந்தா வீடு கெடச்சிருக்கும்ல?"

"கெடச்சிருக்கும் அம்மிணி. நாளைக்கு யாராச்சும் சொல்லி, சாமானத் தூக்கி வெளிய வெச்சாங்கன்னா? புள்ள அதையும் பாக்கோணுமா? தெரிஞ்சு குடுக்கற ஊடா இருக்கட்டும்."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மேலே நடந்தாள். ஆனால் அன்று முழுக்க அவரோடு பேசவில்லை.

கடைசியில் கௌரம்மா வீட்டு வாசல். பின்கட்டில் ஓர் அறை, சின்னச் சமையலிடம், தனிக் குழாய், தனிக் கழிப்பறை. வாடகைக்கு இருந்த மாணவர்கள் காலி செய்துவிட்டுப் போய்விட்டார்கள். அது சனிக்கிழமை, பள்ளிக்கூடம் அரைநாள் என்பதால் மனிஷாவும் கூட வந்திருந்தாள். கௌரம்மா பேசியது கன்னடத்தில். நான் தமிழில் தருகிறேன்.

"இல்லைன்னு சொன்னா எங்க தெருவுக்குத் தண்ணியை நிறுத்திருவியா?"

சித்தையனின் முகம் சட்டென்று வாடிவிட்டது. "நீங்க என்னையச் செருப்பால அடிச்சாலும் நாளைக்குக் காலைல தண்ணி வருமுங்க அம்மா. அது வேற, இது வேற."

"சரி, சரி. யார் இந்தப் பொண்ணு?"

சித்தையன் சொன்னார். எதையும் விடவில்லை. நோய் என்றதும் கௌரம்மா ஓரடி பின்வாங்கினார். அஞ்சலை டாக்டர் கொடுத்த சான்றை நீட்டினாள். கௌரம்மா வாங்கிக் கண்ணாடியில்லாமல் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"டாக்டருங்க எழுதத்தான் செய்வாங்க. எனக்கு வயசாகிப்போச்சு சித்தையா. ஒட்டிக்கிட்டா என்னைப் பார்க்க யார் இருக்காங்க?"

நியாயமான பயம்தான். மனிஷா அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டு, வாசற்படியில் போய்க்கொண்டிருந்த எறும்பு வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சித்தையன் அவளைப் பார்த்தார். பிறகு தெருவெல்லாம் கேட்கிற தன் குரலைத் தணித்துக்கொண்டு பேசினார்.

"அம்மா, இந்தப் புள்ளய நான் இந்தம்மாகிட்டத்தான் அனுப்பப் போறேனுங்க. இந்த ரூமுலதான் ரெண்டு பேரும் ஒரே பாயில படுக்கப் போறாங்க. நோவு இருந்தா, என்ற புள்ளய நான் அனுப்புவனுங்களா?"

அதுவரை அவர் "குழு சொன்னால்" என்பார், "பாக்கலாமுங்க" என்பார். அனுப்பப் போகிறேன் என்று அவர் வாயிலிருந்து வந்தது அதுதான் முதல் தடவை. சொன்ன பிறகுதான் அவருக்கே கேட்டது போலிருக்கிறது. தெருவிலிருந்த வால்வு மூடியைப் பார்க்கிற மாதிரி திரும்பிக்கொண்டார்.

கௌரம்மா இந்தப் பிள்ளை அவர் ஸ்கூட்டரில் முன்னால் நின்றுகொண்டு போவதைத் தினமும் பார்த்தவர். கொஞ்ச நேரம் அவரையும் பிள்ளையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அஞ்சலையிடம் கேட்டார்.

"கருவாடு வறுப்பியா?"

சித்தையன் மொழிபெயர்ப்பதற்குள் அஞ்சலைக்குப் புரிந்துவிட்டது. "வறுக்க மாட்டேம்மா."

"கோழி?"

"மாட்டேம்மா." கொஞ்சம் நிறுத்தி, "முட்டை மட்டும்... புள்ளைக்கு டாக்டர் குடுக்கச் சொல்லியிருக்காரு" என்றாள்.

கௌரம்மா பெருமூச்சு விட்டார். "முட்டைன்னா கதவைச் சாத்திக்கோ. சரி, சாவியை எடுத்துட்டு வரேன்."

மற்றவை விதிப்படி நடந்தன. சந்தோஷ்குமார் வந்து அறையைப் பார்த்தார். குழாயைத் திறந்து மூடிப் பார்த்தார். அஞ்சலை ஆடை ஆலையில் சேர்ந்தாள். பிள்ளையைப் பெற்றவளிடமே வைத்து வளர்க்க, கொஞ்ச காலத்துக்கு மாத உதவித்தொகை வரும்படி குழு பரிந்துரைத்தது. அமர்வில் குழுத் தலைவி, "உனக்கு எங்கே இருக்க இஷ்டம், பாப்பா?" என்று மனிஷாவைக் கேட்டார். மனிஷா யோசித்து, "அம்மாகூட" என்றாள். பிறகு இன்னும் கொஞ்சம் யோசித்து, "ஞாயித்துக்கிழமை மாமா வீட்டுல. அங்க டிவி இருக்குது" என்றாள். சித்தையன் வாய்விட்டுச் சிரித்தார். அமர்வு நடக்கும் அறையில் அந்தக் குரல் கொஞ்சம் அதிகம்தான், யாரும் கண்டிக்கவில்லை.

இதை எழுதும்போது எங்கள் ஆய்வறிக்கை முடிந்துவிட்டது. நாங்கள் பார்த்த குடும்பங்களில் பலவற்றில், பிள்ளை திரும்பிப் போகத் தடையாக நின்றது அன்பில்லாமை அல்ல. ஓர் அறையும் ஒரு குழாயும் கிடைக்காததுதான். ஆகவே பெற்றவருக்கு வீடு பார்த்துக்கொடுப்பதையும் அந்த அலுவலகங்களின் வேலையாகச் சேர்க்க வேண்டும் என்று எழுதியிருக்கிறோம். பெங்களூரில் நடந்த கூட்டத்தில் மறுப்பேதும் வரவில்லை, பரிசீலிப்பதாகச் சொன்னார்கள். இதைச் சித்தையனிடம் சொன்னபோது அவர் முகம் மலர்ந்தது. "நல்லதுங்க மேடம். இதுக்குன்னு ஒரு ஆளப் போட்டா, தெருத் தெருவா நடக்கறதுக்குச் செருப்பு நல்லதா வாங்கிக் குடுக்கச் சொல்லுங்க" என்றார். அவரும் மாதேவியும் அடுத்த பிள்ளையை ஏற்கத் தங்கள் பெயரைக் கொடுத்திருக்கிறார்கள். இம்முறை மாதேவி கேட்காமலேயே அவராகப் போய்ப் பதிந்துவிட்டு வந்தார்.

மனிஷா அம்மாவிடம் போன நாளில் நானும் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை. பெரிய ஏற்பாடு ஒன்றும் இல்லை. மாதேவி இட்லி வைத்த தூக்குப்பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டார். துணிப்பை சித்தையன் தோளில். பள்ளிக்கூடப் பையை யாரிடமும் தராமல் மனிஷாவே மாட்டிக்கொண்டாள். அஞ்சலை புதுச் சேலையில் கூச்சத்தோடு வந்தாள். எல்லோரும் பேசிக்கொண்டே நடந்தோம். அஞ்சலை, ஆலையில் சட்டைக் காலரை மடிக்கும் விதத்தை மாதேவியிடம் கேட்டுக்கொண்டு வந்தாள். மனிஷா தன் புது அறையில் பல்லி இருக்கிறது, அதற்குப் பெயர் வைக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டு வந்தாள்.

கௌரம்மா வீட்டுத் தெருவுக்குப் போக நடுவில் பேருந்து ஓடும் பெரிய சாலையைக் கடக்க வேண்டும். சாலையோரம் வந்ததும் மனிஷா, பேச்சை நிறுத்தாமல், பழக்கத்தில் சித்தையனின் ஆள்காட்டி விரலைப் பிடித்துக்கொண்டாள். அவர் குனிந்து அந்தக் கையைப் பார்த்தார். மெல்ல விரலை விடுவித்து, அவள் கையை எடுத்து அஞ்சலையின் கைக்குள் வைத்தார். வைத்த கையோடு விடுவிடுவென்று சாலை நடுவுக்குப் போய், வருகிற வண்டிகளைப் பார்த்து வலக்கையை உயர்த்திக்கொண்டு நின்றார். ஒரு டவுன் பஸ் நின்றது. ஸ்கூட்டர்கள் நின்றன. அம்மாவும் மகளும் அவர் முதுகுக்குப் பின்னால் கடந்தார்கள். மாதேவியும் நானும் கடந்தோம். எதிர்ப்பக்கத் தெருவுக்குள் அவர்கள் நுழைந்தும்விட்டார்கள். டிரைவர் ஹாரனை அழுத்தினார். ஸ்கூட்டர்காரர் ஒருவர் கன்னடத்தில் ஏதோ கத்தினார். சித்தையன் உயர்த்திய கையை இறக்காமல் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.